நாடியும் நாதமும்

நோயாளியின் மணிக்கட்டில் விரல்களை வைத்து நாடி பார்க்கும் வைத்தியரும், றபானில் விரல்களை வைத்துத் தாளம் பிடிக்கும் பாவாவும் செய்வது ஏறத்தாழ ஒரே வேலைதான் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? இருவரும் காலத்தைக் கணிக்கிறார்கள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது, அது ஒரே சீராக வருகிறதா, இடையில் தடுமாறுகிறதா என்று இருவருமே கவனிக்கிறார்கள். தாளம் பிசகினால் ஒருவர் பாட்டைத் திருத்துகிறார். மற்றவர் மருந்து எழுதுகிறார்.

இசைக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. அந்த உறவு எங்கே தொடங்கியது, அதில் முஸ்லிம் வைத்திய மேதைகளின் பங்கு என்ன, இன்றைய விஞ்ஞானம் அதைப் பற்றி என்ன சொல்கிறது, நாம் எந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

விரல் நுனியில் ஒரு தாளம்

இன்று வைத்தியசாலையில் தாதி நம் நாடியைப் பார்க்கும்போது கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளையும் சேர்த்துப் பார்க்கிறார். ஒரு நிமிடத்துக்கு 72, 80, 95 என்று எண்ணிக் குறித்துக்கொள்கிறார். ஆனால் விநாடி முள் இல்லாத காலத்தில் வைத்தியர்கள் என்ன செய்தார்கள்? ஜோன் ஃபுளோயர் என்னும் ஆங்கிலேய வைத்தியர் நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு கடிகாரத்தைச் செய்வித்து, அதைப் பற்றிய நூலை வெளியிட்டது 1707இல்தான். அதற்கு முன் இருந்த பெரும்பாலான வைத்தியர்களுக்குக் கையில் கிடைத்த அளவுகோல் தாளம் ஒன்றே.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டளவில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹெரோபிலஸ் என்னும் கிரேக்க வைத்தியர், நாடியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் இசையின் தாள அளவுகளோடு ஒப்பிட்டார். குழந்தையின் நாடிக்கு ஒரு தாளம், இளைஞனின் நாடிக்கு இன்னொன்று, முதியவரின் நாடிக்கு வேறொன்று என்று அவர் வகுத்தார். காய்ச்சல்காரரின் நாடியை அளக்க நீர்க்கடிகாரம் ஒன்றை அவர் பயன்படுத்தியதாகவும் பழைய நூலொன்று கூறுகிறது.

இந்த அறிவு அரபு மொழிக்கு வந்து இன்னும் வளர்ந்தது. இப்னு ஸீனா (கி.பி. 980 - 1037) அவர்கள் எழுதிய 'அல்-கானூன் ஃபித் திப்' பல நூற்றாண்டுகள் கீழைத்தேயத்திலும் ஐரோப்பாவிலும் மருத்துவ மாணவர்களின் பாடநூலாக இருந்தது. அதில் நாடியைப் பற்றிய பகுதியில், நாடிக்கு இசையின் இயல்பு உண்டு என்று அவர் எழுதுகிறார். அதோடு நிற்கவில்லை. நாடியின் இந்த நுண்ணிய அளவுகளை விரலால் உணர்வது கடினம் என்றும், தாளத்திலும் பண்ணிலும் பழகி, இசைக் கலையையும் அறிந்தவருக்கே அது எளிதாகும் என்றும் சொல்கிறார். அதாவது, நல்ல வைத்தியராக வேண்டுமானால் காது பழகியிருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து.

தட்டிப் பார்த்தலும் கேட்டுப் பார்த்தலும்

காது பழகிய வைத்தியர்கள் பிற்காலத்திலும் மருத்துவத்தை முன்னேற்றியிருக்கிறார்கள். அவர்களுள் இருவரை மட்டும் இங்கு குறிப்பிடுகிறேன்.

ஒருவர் ஒஸ்திரியாவைச் சேர்ந்த லியோபோல்ட் அவன்புறுகர். இவர் ஒரு விடுதிக்காரரின் மகன். மது நிறைந்த மரப் பீப்பாயைத் தட்டினால் ஒரு சத்தம் வரும். வெறுமையான பகுதியைத் தட்டினால் வேறு சத்தம் வரும். மனித மார்பையும் அப்படியே தட்டி, உள்ளே நீர் தேங்கியிருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று கண்டறியலாம் என 1761இல் அவர் நூல் எழுதினார். இன்றும் வைத்தியர் நம் முதுகில் ஒரு விரலை வைத்து மறு விரலால் தட்டிப் பார்க்கிறாரே, அது அவர் வகுத்த முறையிலிருந்து வளர்ந்ததே. இவர் இசையிலும் ஈடுபாடு கொண்டவர். ஓர் இசை நாடகத்துக்கு உரையும் எழுதியிருக்கிறார்.

மற்றவர் பிரான்ஸைச் சேர்ந்த ரெனே லெனெக். இவர் புல்லாங்குழல் வாசிப்பவர். 1816இல் இதய நோயுள்ள ஓர் இளம் பெண்ணைப் பரிசோதிக்க வேண்டி வந்தது. அக்கால முறைப்படி மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பது அந்தப் பெண்ணின் கண்ணியத்துக்குப் பொருந்தாது என்று அவர் எண்ணினார். தாள்களைச் சுருட்டிக் குழாயாக்கி, ஒரு முனையை அவளது மார்பில் வைத்து மறு முனையில் காதை வைத்தார். இதய ஒலி முன்னரைவிடத் தெளிவாகக் கேட்டது. பின்னர் அவர் மரத்தைக் கடைந்து குழாய் செய்தார். அதுவே முதல் ஸ்டெதஸ்கோப். உருவத்தில் அது அவரது புல்லாங்குழலுக்குத் தூரத்து உறவு. ஒரு பெண்ணின் வெட்கத்துக்குக் கொடுத்த மதிப்பிலிருந்துதான் வைத்தியரின் அடையாளமாகவே ஆகிவிட்ட கருவி பிறந்தது என்பது நம் போன்ற மாணவிகள் நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்தி.

அல்-கிந்தியும் வணிகரின் மகனும்

இதுவரை பார்த்தவை நோயை அறிவதற்கு இசை உதவிய விதம். நோயை ஆற்றுவதற்கு இசை உதவுமா என்பது அடுத்த கேள்வி.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி அவர்கள் தத்துவம், கணிதம், வானியல், மருத்துவம் ஆகியவற்றோடு இசை பற்றியும் நூல்கள் எழுதியவர். அக்கால மருத்துவம் உடலில் நான்கு திரவங்கள் இருப்பதாகக் கருதியது. மஞ்சள் பித்தம், இரத்தம், சளி, கரும்பித்தம் என்பன அவை. அவற்றின் சமநிலை குலைவதே நோய். 'ஊத்' என்னும் நரம்பு வாத்தியத்துக்கும் அன்று நான்கு நரம்புகள் இருந்தன. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு திரவத்தோடு தொடர்புடையது என்று அல்-கிந்தியும், அவருக்குப் பின் வந்த 'இஃக்வானுஸ் ஸஃபா' என்னும் அறிஞர் குழுவினரும் எழுதினார்கள். இன்று அந்த நான்கு திரவக் கொள்கையை மருத்துவம் கைவிட்டுவிட்டது. ஆனால் அல்-கிந்தியைப் பற்றிய ஒரு சம்பவத்தை வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ பதிவு செய்திருக்கிறார். அது இன்றும் சிந்திக்கத் தக்கது.

அல்-கிந்தியின் அயலில் ஒரு பெரு வணிகர் இருந்தார். அவருக்கு அல்-கிந்தியைக் கண்டாலே ஆகாது. அவரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வணிகரின் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் அவரது மகனே கவனித்து வந்தான். ஒரு நாள் அந்த மகன் திடீரென நினைவிழந்து விழுந்துவிட்டான். யார் எவ்வளவு தர வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது தந்தைக்குத் தெரியாது. நகரிலுள்ள வைத்தியர்கள் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டார்கள். இந்த நோயை நன்கறிந்தவர் உன் அண்டை வீட்டிலேயே இருக்கிறாரே என்று ஒருவர் சொல்ல, வேறு வழியின்றி வணிகர் அல்-கிந்தியிடம் ஆளனுப்பினார்.

அல்-கிந்தி பழைய பகையைப் பாராட்டாமல் வந்தார். நாடியைப் பார்த்தார். ஊத் வாசிப்பதில் தேர்ந்த தம் மாணவர்கள் நால்வரை வரவழைத்து, நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து ஒரு குறிப்பிட்ட பண்ணை நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னார். அவர் விரல்கள் நாடியிலேயே இருந்தன. மெல்ல மெல்ல மூச்சுச் சீரானது. நாடி வலுப்பெற்றது. இளைஞன் அசைந்தான், எழுந்து உட்கார்ந்தான், பேசினான். "உமக்குக் கேட்க வேண்டியதை இப்போதே கேளும்" என்று அல்-கிந்தி தந்தையிடம் சொன்னார். தந்தை கேட்கக் கேட்க மகன் கணக்குகளைச் சொன்னான். தந்தை எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்த நேரத்தில் வாசிப்பவர்கள் அந்தப் பண்ணை விட்டு விலகினார்கள். மகன் பழைய நிலைக்கே திரும்பினான். மீண்டும் வாசிக்கச் சொல்லும்படி தந்தை கெஞ்சினார். அவனது ஆயுளில் எஞ்சியிருந்தது அவ்வளவுதான், அல்லாஹ் விதித்த காலத்தை யாராலும் கூட்ட முடியாது என்று அல்-கிந்தி கூறிவிட்டார்.

இச்சம்பவம் அப்படியே நடந்ததா என்று இன்று யாரும் நிரூபிக்க முடியாது. அல்-கிந்தி இறந்து மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலான பின்பே அது எழுதப்பட்டது. ஆனால் அதைச் சொன்னவர்கள் எவ்வளவு நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இசை அந்த இளைஞனைக் காப்பாற்றியது என்று அவர்கள் முடிக்கவில்லை. இசை கொடுத்தது சிறிது நேரம். அந்த நேரத்தில் ஒரு தகப்பனும் மகனும் பேசிக்கொள்ள முடிந்தது. அந்தத் தகப்பன் அந்த நேரத்தைக் கணக்குக் கேட்பதிலேயே செலவழித்தார் என்பது வேறு விடயம்.

தொட்டிலும் வலியும்

இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலில் இசை இன்னும் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, வலியைக் குறைக்கும் வழிகளைப் பற்றிய பகுதி. அதில் மென்மையான நடை, எண்ணெய் பூசுதல் முதலியவற்றோடு இனிய பாடலையும் அவர் சேர்க்கிறார். குறிப்பாகத் தூக்கத்தை வரவழைக்கும் பாடல் வலியைத் தணிக்கும் என்கிறார். மனம் மகிழும் வேறொன்றில் ஈடுபடுவதும் வலியை மறக்கச் செய்யும் என்கிறார்.

மற்றது குழந்தை வளர்ப்புப் பற்றிய பகுதி. பச்சிளங் குழந்தை நன்றாக வளர இரண்டு காரியங்கள் தேவை என்கிறார். ஒன்று மென்மையாக ஆட்டுவது. மற்றது குழந்தைகளைத் தூங்கவைக்க வழக்கமாகப் பாடும் தாலாட்டு. முதலாவது உடலுக்கு, இரண்டாவது உள்ளத்துக்கு என்று விளக்குகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உலகப் புகழ் பெற்ற வைத்தியர் ஒருவர், நம் உம்மாமார் தொட்டிலருகில் இருந்து பாடும் தாலாட்டைத் தம் மருத்துவ நூலில் ஒரு தேவையாக எழுதி வைத்திருக்கிறார்.

இதை நவீன ஆய்வோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2013இல் அமெரிக்காவில் 11 வைத்தியசாலைகளில், குறைமாதத்தில் பிறந்த 272 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு வெளியானது. பெற்றோர் தேர்ந்த பாடலைத் தாலாட்டாக மெதுவாகப் பாடியபோதும், தாயின் இதய ஒலி போன்ற மெல்லிய தாளத்தைக் கேட்கச் செய்தபோதும், குழந்தைகளின் இதயத் துடிப்பிலும் உறக்கத்திலும் பால் உறிஞ்சும் திறனிலும் நல்ல மாற்றங்கள் காணப்பட்டன. பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. பாடுகிறவருக்கும் அது மருந்தாகிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

எதிர்னே நகரின் வைத்தியசாலை

முஸ்லிம் ஆட்சியாளர்கள் கட்டிய வைத்தியசாலைகளுக்கு 'பீமாரிஸ்தான்' என்று பெயர். டமஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் 1154இல் கட்டியதும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டியதும், சிரியாவின் அலெப்போ நகரில் 1354இல் எழுந்த அர்கூன் பீமாரிஸ்தானும் புகழ் பெற்றவை. அலெப்போவில் மனநோயாளருக்கென்று தனி அறைகளும், நடுவே நீரூற்றுள்ள முற்றங்களும் இருந்தன. ஓடும் நீரின் ஓசையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது.

இவற்றுள் இசைக்கென்றே இடம் வைத்துக் கட்டப்பட்டது துருக்கியின் எதிர்னே நகரில், துன்ஜா ஆற்றங்கரையில் உள்ளது. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1484 முதல் 1488 வரை அங்கே பள்ளிவாசல், மருத்துவக் கல்லூரி, சமையற்கூடம், வைத்தியசாலை அனைத்தையும் ஒரே வளாகத்தில் அமைத்தார். வைத்தியசாலையின் நடு மண்டபம் ஆறு பக்கமுடையது. மேலே பெரிய குவிமாடம், நடுவில் நீரூற்று, சுற்றிலும் நோயாளர் அறைகள், ஒரு பக்கத்தில் இசைஞர் அமரும் மேடை. மேடையில் எழும் ஒலி குவிமாடத்தில் பட்டு எல்லா அறைகளுக்கும் பரவும்.

17ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற பயணி எவ்லியா செலெபி தம் நூலில் இதை விபரித்திருக்கிறார். பாடகர் மூவரும் வாத்தியக்காரர் எழுவருமாகப் பத்துப் பேர் நியமிக்கப்பட்டிருந்தனர். 'நெய்' என்னும் நாணல் குழல், ஊத், சந்தூர் முதலியவற்றை அவர்கள் வாரத்துக்கு மூன்று முறை நோயாளருக்காக இசைத்தனர். வசந்த காலத்தில் நோயாளருக்கு மணமுள்ள மலர்களும் கொடுக்கப்பட்டன. இவை எல்லாம் மருந்துக்கும் உணவுக்கும் மேலதிகமாகவே கொடுக்கப்பட்டன. மருந்தை நிறுத்திவிட்டு யாரும் இசையைக் கொடுக்கவில்லை. அக்காலத்தில் பல நாடுகளில் மனநோயாளர்கள் பேய் பிடித்தவர்களாக எண்ணப்பட்டுக் கட்டிப் போடப்பட்டார்கள். இங்கோ அவர்களும் நோயாளர் என்ற மதிப்போடு நடத்தப்பட்டிருக்கிறார்கள். இக்கட்டிடம் இன்று மருத்துவ நூதனசாலையாக இருக்கிறது. 2004இல் ஐரோப்பியப் பேரவையின் நூதனசாலைப் பரிசையும் அது பெற்றது.

நம் மனதில் எழும் கேள்வி

இந்த இடத்தில் வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். இசையைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது? தீர்ப்புச் சொல்லும் தகுதி ஓர் உயர்தர மாணவிக்கு இல்லை. வாத்தியங்களைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதும், கடுமையாகத் தடுத்தவர்களும் நிபந்தனைகளோடு அனுமதித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதும் நாம் அறிந்ததே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் செவியேற்றல் பற்றித் தனிப் பகுதியே எழுதி, கேட்பவரின் நோக்கம், சொல்லப்படும் பொருள், சூழல் ஆகியவற்றைப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் இனிய குரலைப் பற்றி நம்மிடம் நல்ல செய்திகள் உண்டு. அபூ மூஸா அல்-அஷ்அரீ (ரலி) அவர்கள் அழகிய குரலில் குர்ஆன் ஓதியதை நபி (ஸல்) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். பயணங்களில் ஒட்டகங்களை நடத்துவதற்கு அரபிகள் 'ஹுதா' என்னும் பாட்டைப் பாடுவார்கள். அன்ஜஷா (ரலி) என்ற தோழர் அதில் வல்லவர். அவரது பாட்டுக்கு ஒட்டகங்கள் வேகமெடுத்தபோது, மேலே பெண்கள் இருப்பதால் மெதுவாக நடத்தும்படி நபி (ஸல்) அவர்கள் மென்மையாகச் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

குர்ஆன் ஓதலை நாம் இசை என்று அழைப்பதில்லை. அழைக்கவும் கூடாது. ஆயினும் குரலின் ஏற்ற இறக்கமும் தாளமும் மனித உடலில் என்ன செய்கின்றன என்று அறிவது நமக்கு விலக்கப்பட்ட அறிவல்ல. ஹுதாவைக் கேட்ட ஒட்டகம் ஏன் வேகமாக நடந்தது என்ற கேள்விக்கு இன்று நரம்பியல் விடை தேடுகிறது.

தாளம் நடக்க வைக்கிறது

பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு நடை தளர்ந்துவிடும். அடி சிறிதாகும். சில நேரம் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். மூளையின் ஆழத்தில், அசைவுக்கு உரிய நேரத்தில் கட்டளை பிறப்பிக்கும் பகுதி பழுதடைவதே காரணம். இத்தகையவர்களுக்குச் சீரான தாளத்தைக் கேட்கச் செய்து அதற்கேற்ப நடக்கப் பழக்கியபோது, நடையின் வேகமும் அடியின் நீளமும் கூடியதை 1996இல் அமெரிக்காவில் மைக்கல் தௌட் என்பவரும் அவரது குழுவினரும் காட்டினார்கள். உள்ளே இருக்கும் கடிகாரம் பழுதானபோது வெளியே இருந்து வரும் தாளம் கடிகாரமாகிறது. கேட்டலுக்கும் அசைவுக்கும் மூளையில் நெருங்கிய இணைப்பு இருப்பதே இதற்குக் காரணம். பாட்டைக் கேட்டதும் நம்மை அறியாமல் கால் தாளம் போடுகிறதே, அதுவும் இந்த இணைப்பினால்தான்.

முதலுதவியிலும் இது பயன்படுகிறது. இதயம் நின்றுவிட்ட ஒருவருக்கு மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். பதற்றத்தில் எண்ண முடியாது. ஆகவே அந்த வேகத்திலுள்ள ஒரு பாட்டை மனதில் ஓடவிட்டு அழுத்தும்படி பல நாடுகளில் பயிற்சியாளர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

வலியைப் பற்றியும் ஆய்வுகள் உண்டு. சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட ஏறக்குறைய 7,000 நோயாளர்களைக் கொண்ட 73 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் 'த லான்செட்' என்னும் மருத்துவ இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தும் குறைவாகத் தேவைப்பட்டது. ஆனால் வைத்தியசாலையில் தங்கிய நாட்கள் குறையவில்லை. இப்னு ஸீனா சொன்ன எல்லையும் கிட்டத்தட்ட அதுவே. வலி தணியும். காயம் ஆறுவதற்கு உரிய காலம் எடுக்கும்.

பேச்சு வராதபோது

இதை எழுதத் தூண்டிய காரணத்தையும் சொல்ல வேண்டும். என் உம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. உயிர் தப்பினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பேச்சு போய்விட்டது. எங்களை எல்லாம் அடையாளம் தெரிந்தது. நாங்கள் சொல்வதும் விளங்கியது. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல மட்டும் முடியவில்லை. வாயைத் திறப்பார்கள், வேறு ஏதோ ஓசை வரும். அது தவறு என்று அவர்களுக்கே தெரியும். கண்ணீர் வடியும். வீட்டில் சிலர், அவர்களுக்குப் புத்தி மாறிவிட்டது என்று அவர்கள் முன்னாலேயே பேசினார்கள்.

ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மாமா கட்டிலருகில் இருந்து சூரா அல்-ஃபாத்திஹாவை ஓதினார். இரண்டாவது ஆயத்திலிருந்து உம்மம்மாவும் சேர்ந்து ஓதினார்கள். ஒரு சொல்லும் பிசகவில்லை. நாங்கள் திகைத்துப் போனோம். உம்மா அழுதுவிட்டார். ஓதி முடித்ததும் "உம்மா, தண்ணி வேணுமா?" என்று கேட்டோம். மீண்டும் சொல் வரவில்லை.

பேச்சுச் சிகிச்சை வழங்கும் மிஸ் இதை எங்களுக்கு விளக்கினார். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆக்கும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த வைத்தியர் போல் புறோக்கா 1861இல் அதை எடுத்துக் காட்டினார். அந்தப் பகுதி பாதிக்கப்பட்டால் புதிதாக ஒரு வசனத்தைக் கட்ட முடியாமற் போகும். ஆனால் சிறு வயது முதல் ஆயிரக்கணக்கான தடவை ஓதியதும், ராகத்தோடு மனதில் பதிந்ததும் மூளையில் வேறு வழிகளாலும் பாதுகாக்கப்படுகின்றன. வலப்பக்கமும் அதில் பங்கெடுக்கிறது. ஆகவே பேச முடியாத சிலரால் பாட முடிகிறது, ஓத முடிகிறது. புத்தி மாறவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இதையே அடிப்படையாகக் கொண்டு 1973இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர மருத்துவர்கள் ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டார்கள். அன்றாடம் தேவையான சிறு வசனத்தை மேல் தொனி, கீழ் தொனி என இரண்டு தொனிகளில் மெல்ல இழுத்துச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையால் ஒரு தட்டு. முதலில் முணுமுணுப்பு, பிறகு சேர்ந்து பாடுதல், பிறகு தனியே பாடுதல், கடைசியில் ராகத்தைக் கழற்றிவிட்டுச் சாதாரணமாகப் பேசுதல். அந்த மிஸ் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே "தண்ணி தாங்க" என்பதை நான்கு அசைகளாக்கிக் கற்றுத் தந்தார். நாங்கள் பேரப்பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு தினமும் கையைத் தட்டித் தட்டிப் பழக்கினோம். பல வாரங்களுக்குப் பிறகு உம்மம்மா தாமாகவே அதைச் சொன்னார்கள். பழைய பேச்சு முழுவதும் திரும்பவில்லை. இன்று அவர்களிடம் இருப்பவை பத்துப் பன்னிரண்டு சிறு வசனங்கள். ஆனால் தாகம் எடுத்தால் கேட்க முடிகிறது. அவர்கள் முன்னால் அவர்களைப் பற்றி இப்போது யாரும் அப்படிப் பேசுவதில்லை.

எல்லை எது?

இவ்வளவும் சொன்ன பின் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். இந்த ஒலியைக் கேட்டால் புற்றுநோய் மாறும், அந்த ராகத்தைக் கேட்டால் நீரிழிவு தீரும் என்று கைத்தொலைபேசியில் வரும் காணொளிகள் ஏராளம். அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இசை கிருமியைக் கொல்லாது, கட்டியைக் கரைக்காது, குருதியில் சீனியின் அளவைக் கட்டுப்படுத்தும் மாத்திரைக்கு ஈடாகாது. பதற்றத்தைக் குறைப்பது, வலியைத் தாங்க உதவுவது, நடையையும் பேச்சையும் மீளப் பழக்குவது, தனிமையைப் போக்குவது ஆகியவையே அதனால் ஆகும் காரியங்கள். பாரிசவாதம் வந்தவருக்கு முதலில் தேவை உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஒலியே நோயாகவும் மாறலாம். வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் 80 டெசிபெல் அளவில் கேட்பது செவிக்குப் பாதுகாப்பல்ல என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சத்தம் அதற்கும் கூடினால் பாதுகாப்பான நேரம் விரைவாகக் குறையும். காதில் கேட்பொறிகளைச் சொருகிக்கொண்டு பாடம் படிக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் மண்ணில்

இசையையும் மருத்துவத்தையும் ஒரே கையில் ஏந்தியவர்கள் தமிழிலும் இருந்தார்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859 - 1919) சித்த வைத்தியர். மூலிகைத் தோட்டம் வைத்து மருந்து செய்தவர். அவரே தமிழிசை ஆராய்ச்சிக்கு அடிப்படையான 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்டார். நம் நாட்டின் தென்பகுதியில் சிங்கள மக்களின் 'தொவில்' சடங்கில் நோயாளிக்காக இரவெல்லாம் மேளம் ஒலிக்கிறது. அதன் நம்பிக்கை நமது நம்பிக்கையல்ல. ஆயினும் நோயாளியை நடுவில் வைத்து ஊரே கூடி இரவு முழுவதும் விழித்திருப்பதில் ஓர் ஆறுதல் இருப்பதை மறுக்க முடியாது.

நம்மிடம் என்ன இருக்கிறது? கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் வயலிலும் வாசலிலும் பாடிய கவிகள் இருக்கின்றன. தாலாட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பாடத் தெரிந்தவர்கள் வயது போனவர்களாகிவிட்டார்கள். தொட்டிலருகில் இன்று கைத்தொலைபேசி பாடுகிறது. ஒருவருக்குப் பேச்சுப் போன பின் அவரிடமிருந்து ஒரு கவியையும் எழுதி எடுக்க முடியாது. இம்முறை விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் சகோதரிகள் உங்கள் உம்மம்மாவிடமோ வாப்பும்மாவிடமோ ஒரு தாலாட்டைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ராகத்தையும் கற்றுக்கொள்ளுங்கள்.

உயிரியல் பிரிவில் படிக்கும் நாம் எல்லோரும் வைத்தியராக வேண்டும் என்றே கனவு காண்கிறோம். அது நல்ல கனவே. ஆனால் பேச்சுச் சிகிச்சை, உடலியக்கச் சிகிச்சை போன்ற துறைகளுக்கும் நம் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழிலேயே, அவரது ஊர்ப் பேச்சிலேயே சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒருவர் தேவை. தண்ணீர் கேட்க முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு "தண்ணி தாங்க" என்ற நான்கு அசைகளை மீட்டுக் கொடுப்பதும் பெரிய வைத்தியமே. அந்தப் பணிக்கு நம்மில் சிலரையாவது வல்ல அல்லாஹ் தெரிவு செய்வானாக.